நான்காம் படியில் சந்தனம்

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. தொழிற்சாலையிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் இரண்டு வகை. ஒன்று, யாராவது இறந்துவிட்டார்கள் என்பது. இன்னொன்று, ஏதாவது ஒரு சாவி எங்கே என்பது. சென்ற மாதம் வந்த அழைப்பு இரண்டிலும் சேரவில்லை.

பேசியவர் முத்துச்செல்வி. ஆவணப் பிரிவு எஞ்சினியர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர். சுவரில் ஒட்டியிருந்த வேலைமுறைத் தாள்களையெல்லாம் அவர்தான் இப்போது டேப்லெட்டில் ஏற்றுகிறார். வெளிநாட்டில் திறக்கப்போகும் ஆலைக்கும் அதே தாள்கள்தான் மொழிபெயர்த்துப் போகின்றனவாம்.

"சார், பின்பக்க ஷாக்ல இருந்து ஸ்பிரிங் கழத்துற ஷீட் நீங்க எழுதினதுதான? அதுல ரெண்டு சந்தேகம்."

"கேளும்மா."

"நாலாவது படி. 'கம்ப்ரஸர் கொக்கிகளில் எண்ணெய், சந்தனம், குங்குமம் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் உறுதி செய்க.' இந்தச் சந்தனங்கிறது ஏதும் கிரீஸ் பேரா சார்?"

"இல்ல. சந்தனம்தான்."

அந்த வரியை மறுபடி ஒருமுறை மெல்ல வாசித்தார்.

"அப்ப அத எடுத்துரட்டுமா சார்? அங்க உள்ளவங்களுக்குப் புரியாதுல்லா."

புரியாததையெல்லாம் நீக்குவதென்றால் எங்கள் தாள்களில் பாதி மிஞ்சாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டாவது சந்தேகத்தையும் கேட்டார். அதற்கும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததை எழுதி வைத்துவிட்டால் அடுத்த ஆள் கேட்கும்போது மறுபடி யோசிக்க வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரை.

என் பயிற்சிக் காலத்துக்கு இரண்டு வரி போதும். டிப்ளமோ முடித்தேன், பிறகு அஞ்சல் வழியில் ஒரு பட்டம் வாங்கினேன். பெரிய அதிகாரி நடந்து வரும்போது கையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதை முதல் வருடத்திலும், எதை அளக்கிறோம் என்று சிலர் கேட்கவும் செய்வார்கள் என்பதை இரண்டாம் வருடத்திலும் கற்றேன்.

ஒரகடத்தில் எங்கள் ஆலை செய்தது சாலையில் ஓடாத வண்டி. நான்கு சக்கரம், இரண்டு இருக்கை, கூரைக்குப் பதிலாகக் குழாய்ச் சட்டம். முழுக்க ஏற்றுமதி. பாறையிலும் சேற்றிலும் குலுங்கிக்கொண்டு போவதற்காகவே அதை வாங்கும் மக்கள் உலகில் இருந்தார்கள். எங்கள் ஊழியர்கள் அதே அனுபவத்தைக் கம்பெனிப் பேருந்தில் காலையும் மாலையும் பெற்றுவந்தார்கள். நான் இருந்தது சோதனைப் பிரிவில். வண்டிகளை ஆலைக்குப் பின்னால் இருந்த மண் தடத்தில் ஓட்டி உடைப்பது ஒரு குழுவின் வேலை. உடைந்ததைக் கழற்றி ஏன் உடைந்தது என்று எழுதுவது எங்கள் வேலை.

பிரிவின் தலைவர் வரதராஜன். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு பேனா. வரைவுகளெல்லாம் பென்சிலில். பேனா எடுத்தால் அந்த விஷயம் முடிந்தது என்று பொருள். யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "எழுத்துல இருக்கா?" ஒருமுறை கேண்டீன் சாம்பாரில் உப்பில்லை என்று அவரிடம் போய்ச் சொன்னார்கள். எழுத்தில் வாங்கினார், கேண்டீன் கமிட்டிக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் சாம்பாருக்கான உப்பின் அளவு கிராம் கணக்கில் சுவரில் ஒட்டப்பட்டது. சுவை மாறவில்லை. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட சுவையாகிவிட்டது.

அவரைக் கேலி செய்யாதவர்கள் பிரிவில் இல்லை. கேலியில் முதலிடம் தேவேந்திரனுக்கு. முப்பத்தைந்து வயது, செம்பரம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம், பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். ஆலையின் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கும் இடம் தன் தாத்தாவின் நிலம் என்பார். பழைய வரைபடத்தில் பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டு இல்லை, பெயின்ட் ஷாப். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் எழுதுவதும் ஸ்பேனர் பிடிப்பதும் இடது கையில். ஏழு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. நான் சொல்ல வரும் வருடம் நிரந்தரமாக்க எடுத்த பட்டியலில் ஆறு பெயர்கள் இருந்தன, அவருடையது மூன்றாவது. தொழிலாளியின் தவறால் விபத்து என்று ஒரு காகிதம் வந்தால் பெயர் நீக்கப்படும் என்பது விதி. அது எழுத்திலேயே இருந்தது.

இனி வேலைமுறை. இதைத் தெரியாமல் மேலே போனால் நான் செய்தது என்னவென்று விளங்காது.

பின்பக்க ஷாக் அப்சார்பர் முழங்கை அளவு நீளம். நடுவில் எண்ணெயும் வாயுவும் அடைத்த உருளை, அதைச் சுற்றி வெளியே சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங் தளர்வாக இருப்பதாகத் தோன்றும். அப்படி இருந்ததே இல்லை. இரண்டு முனைகளுக்கு நடுவில் அழுத்தி வைக்கப்பட்டு, எப்போது விடுவார்கள் என்று காத்திருக்கும் பொருள் அது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரம் போனதும் அதைத் தாங்கும் இரும்புக் கை கீழே தொங்கப் பார்க்கும். அதற்கு இன்னொரு ஜாக்கி. பிறகு கீழ் போல்ட், அதன்பின் மேல் போல்ட். இது இரண்டு படி.

மூன்றாவது, ஷாக்கைக் கழுவுவது. சேறு இருந்தால் திருகின் மரை தெரியாது. ஸ்பிரிங்கின் ஒரு முனையில் பல் வெட்டிய வளையம் உண்டு. அது எத்தனை மில்லிமீட்டரில் நிற்கிறது என்று அளந்து எழுதிய பிறகுதான் தளர்த்த வேண்டும். அளக்காமல் தளர்த்தியவர்கள் திரும்ப மாட்டும்போது தங்கள் மனசாட்சியை அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். வளையத்தை முழுக்கத் தளர்த்தினாலும் ஸ்பிரிங்கின் கோபம் கொஞ்சம்தான் இறங்கும். மிச்சத்துக்குத்தான் கம்ப்ரஸர். இரண்டு நீளத் திருகுகள், ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. ஸ்பிரிங்கின் இரு பக்கமும் எதிரெதிராக மாட்டி, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாறி மாறி முடுக்க வேண்டும். ஸ்பிரிங் சுருங்கியதும் முனையில் இருக்கும் தட்டு ஆடும். தட்டில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும். அதன் வழியாகப் பிளையரால் இழுக்க வேண்டும், கையால் அல்ல. பிறகு அதே அரை அரைச் சுற்றாகக் கம்ப்ரஸரைத் தளர்த்தினால் ஸ்பிரிங் குழந்தை மாதிரி கையில் வரும்.

இதெல்லாம் கூண்டுக்குள் நடக்க வேண்டும். ஒரு சின்ன பீரோ அளவுக் கம்பிவலைக் கூண்டு, உள்ளே பொருளை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், ஸ்பேனர் நுழைய இரண்டு துளை, தாழ்ப்பாள் போட்ட கதவு. எது தெறித்தாலும் வலையில் மோதி விழும்.

அந்தக் கூண்டுக்கு இன்னொரு குணமும் இருந்தது. ஆயுத பூஜைக்கு அதைவிடப் பொருத்தமான மண்டபம் பிரிவில் கிடையாது. வைஸின்மேல் ஒரு பலகை போட்டால் பீடம். வலையில் மாவிலைத் தோரணம் அழகாக நிற்கும். கதவும் உண்டு. நான் சேர்வதற்கு முன்பிருந்தே சாமி படங்கள் அங்கேதான். கருவிகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கூண்டின் முன் அடுக்குவார்கள். பொட்டு வைப்பது என் பொறுப்பு. பட்டம் பெற்றவன் என்பதால் கை நடுங்காது என்று நம்பினார்கள். கம்ப்ரஸருக்குக் கொக்கிக்கு ஒன்றாக நான்கு பொட்டு. ஒன்றும் குறை வைத்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜையும் விஜயதசமியும் சனி ஞாயிறில் விழுந்தன. இரண்டு விடுமுறை போன துக்கத்தோடு வெள்ளி மதியமே பூஜை முடித்துக் கிளம்பினோம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு மேல் மறுபூஜை, அதன்பின் படங்களை எடுப்பது என்று ஏற்பாடு. அதுவரை சாமியை நகர்த்தக் கூடாது.

திங்கள் எட்டு மணிக்கு வேறொரு ஏற்பாடு வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் மதியத்துக்குப் பதிலாகப் பத்து மணிக்கே வருகிறார்கள். அவர்கள் பார்க்கவேண்டிய வண்டியின் வலது பின்சக்கரத்தில் டொக் டொக்கென்று சத்தம். எட்டேகாலுக்குள் தேவேந்திரன் ஷாக்கைக் கழற்றிக் கழுவி, வளையத்தை அளந்து தளர்த்தி, தோளில் சாய்த்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சாமிய எடுத்துடட்டா சார்?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு இருபது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது.

"ராகு காலம். ஒன்பது ஆகட்டும்."

"ஒம்போதுக்கு மேல சாமிய எடுத்து, இத்த கயட்டி, மாட்டி, பத்துக்கு வண்டி நிக்காது சார். வெள்ளக்காரன் வந்து இன்னாத்த பாப்பான், சுண்டலையா?"

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அதை ஒரு திங்கட்கிழமை காலையில் நாற்பது பேர் முன்னால் நிரூபித்துக்காட்டும் அவசியமும் இருக்கவில்லை.

"வெளிய இருக்கிற வைஸ்ல போட்டுடு. ஒரு தடவைதானே."

தேவேந்திரன் என்னைப் பார்த்தார். முகத்தை வரதராஜன் மாதிரி நீட்டிக்கொண்டு, "எழுத்துல கீதா சார்?" என்றார். இருவரும் சிரித்தோம்.

கம்ப்ரஸரை எடுத்துத் துணியால் துடைத்தார். பொட்டு போயிற்று. கொக்கியின் உள் வளைவில், ஸ்பிரிங் உட்காரும் இடத்தில், எண்ணெயில் குழைந்த சந்தனம் மிச்சமிருந்தது. அன்றைய தாளின் நான்காவது படி "கருவி நல்ல நிலையில் உள்ளதா எனப் பார்க்கவும்" என்று மட்டும் சொன்னது. கருவி நல்ல நிலையில்தான் இருந்தது. பூஜை செய்யப்பட்டிருந்தது.

நான் நான்கு அடி தள்ளி மேசையில் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங் விடுபடும் சத்தம் வெடி மாதிரி இருக்கும் என்று நினைப்பார்கள். எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்ட மாதிரிதான் இருந்தது. கொக்கி வழுக்கியதில் தட்டு மட்டும் மேலே போயிற்று. கூரைத் தகட்டில் மோதி விழுந்தது. தேவேந்திரன் தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் பொத்தியிருந்தார். முதலில் சொன்னது வலி என்றல்ல.

"அரை அரை சுத்துதான் சார் குடுத்தேன்."

எனக்குத் தெரியும் என்றேன். உண்மையில் தெரியும். ஸ்பேனர் திரும்பும் சத்தத்தை எண்ணிக்கொண்டுதான் எழுதினேன். பழக்கம்.

கட்டைவிரல் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. நெடுஞ்சாலையோர மருத்துவமனைக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் பர்சனல் அதிகாரி பிரபாகர். பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு அடிபட்டால் அவருக்கு வேலை அதிகம். அங்கே தேவேந்திரன் அவரிடம் சொன்னாராம்: "சாமி உள்ள இருந்திச்சி சார். நானாதான் வெளிய போட்டேன். யாரும் சொல்லல."

என் பெயரைச் சொல்லவில்லை. பெரிய மனது என்று நானும் அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தபோது வேறு தெரிந்தது. பட்டியலுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவன் நான். என்மேல் குற்றம் சொன்னால் கடிதம் போய்விடும், தன்மேல் சொன்னால் பட்டியல் போய்விடும். இரண்டில் எதை இழந்தால் அடுத்த வருடமாவது வாய்ப்பு மிஞ்சும் என்று உடைந்த கையோடு ஒரு மனிதர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரி. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

நான்கு மணிக்குள் விபத்து அறிக்கை கொடுக்க வேண்டும். எழுத வேண்டியவன் நான். 'கூண்டு பயன்படுத்தப்படவில்லை' என்று எழுதினேன். இப்படி எழுதினால் ஆளே தேவையில்லை. கூண்டு தானாகவே தன்னைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருந்துவிடும். 'கொக்கியில் அந்நியப் பொருள் காணப்பட்டது' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். நல்ல அறிக்கை. அந்த மாதம் பதவி உயர்வுக்கான பட்டியல் ஒன்றும் மேலே போயிருந்தது. அதில் என் பெயர் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மூன்றரைக்கு வரதராஜன் அறை. பிரபாகர் எதிரில் உட்கார்ந்திருந்தார். வரதராஜன் அறிக்கையைப் பென்சிலை ஓட்டியபடி படித்தார். எங்கள் ஆலையில் எந்த விபத்துக்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்டு எழுத வேண்டும். பொதுவாக இரண்டாவது ஏனில் தொழிலாளி மாட்டிக்கொள்வார். மிச்ச மூன்றும் சம்பிரதாயம்.

"தேவேந்திரன் இதுக்கு முன்னால கூண்டுக்கு வெளிய எத்தனை ஸ்பிரிங் எடுத்திருக்கார்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஏழு வருஷம் எடுக்காதவர் இன்னிக்கு ஏன் எடுத்தார்?"

"கூண்டுல சாமி இருந்தது சார்."

எழுதிக்கொண்டார். "சாமியை ஏன் எடுக்கல?"

"ராகு காலம் சார்."

அதையும் எழுதினார். பிரபாகர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"சார், இதெல்லாம் ரிப்போர்ட்ல போனா ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்க. ஆபரேட்டர் நெக்லிஜன்ஸ்னு ஒரு வரில முடிச்சிடலாம். அவரே ஒத்துக்கிட்டார்."

"எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னார் சார்."

"அவருக்கு இடது கைப் பழக்கம். எழுத்துல வாங்க ஆறு வாரம் ஆகும்." என் பக்கம் திரும்பினார். "ராகு காலம்னு சொன்னது யார்? காலண்டரா?"

மேசையில் என் அறிக்கை இருந்தது. அதில் ஒரு மனிதரின் பெயரும் இல்லை, தேவேந்திரனைத் தவிர. ஏழு வருடமாக எல்லோரும் கேலி செய்த கேள்வியைக் காலையில் தேவேந்திரன் என்னிடம் கேட்டார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். பதில் சொல்லியிருக்க வேண்டும்.

"நான்தான் சார். வெளிய போடச் சொன்னதும் நான்தான்."

பிரபாகர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வரதராஜன் முகத்தில் மாற்றமில்லை.

"எழுத்துல சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"இப்ப எழுதுங்க. கொக்கியில அந்நியப் பொருள்னு இருக்கே, அது எந்த நாடு?"

"சந்தனம் சார். நான் வெச்ச பொட்டு."

"அப்ப அந்நியம் இல்ல." அடித்துத் திருத்தினார்.

எழுதினேன். ஐந்தாவது ஏன் மட்டும் காலியாக இருந்தது: கூண்டு ஏன் பூஜைக்குக் கொடுக்கப்பட்டது. வரதராஜன் தாளைத் தன் பக்கம் திருப்பி, பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். 'வருடாவருடம் வாய்மொழியாக அனுமதித்தவர்' என்று எழுதி அதன்கீழ் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பிரபாகரிடம் தாளை நீட்டி, "ஒரு வரில முடியல. மன்னிக்கணும்" என்றார்.

தலைமை அலுவலகத்தில் சிரித்தார்களா என்று தெரியாது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பதவி உயர்வு வரவில்லை. அந்த வருடம் மட்டுமல்ல. வரதராஜனை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாமே எழுத்தில் இருந்ததால் அவருக்கு வசதியாகப் போயிற்று. போவதற்கு முன் வேலைமுறைத் தாளைத் திருத்தவைத்தார். நான்காவது படியில் சந்தனம் அப்படித்தான் வந்தது. கூடவே ஒரு சிறு படிவமும். கூண்டுக்கு வெளியே இந்த வேலையைச் செய்யச் சொல்பவர் அதைத் தன் கையால் நிரப்பி, வேலை செய்பவரிடம் கொடுத்தாக வேண்டும். பெயர், நேரம், காரணம். வேலைக்கென்று இன்றுவரை ஒருவரும் நிரப்பவில்லை. எல்லா ஸ்பிரிங்கும் கூண்டுக்குள்தான் கழற்றப்படுகிறது. சாமிக்குத் தனி ஷெல்ஃப் வந்துவிட்டது, சொத்து எண்ணோடு.

தேவேந்திரன் எட்டு வாரம் கழித்து வந்தார். கட்டைவிரல் முழுக்க மடங்கவில்லை. பட்டியலில் அவர் பெயர் மூன்றாவதாகவே இருந்தது. மறுமாதம் நிரந்தரம். மிட்டாய்ப் பெட்டியோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏன் சார் நீங்க எழுதிக் குட்த்தீங்க? நான்தான் சொல்லிட்டேனே."

"உன்ன யார் அப்படிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் எழுத்துல சொல்லல சார்" என்றார். பெட்டியைத் திறந்து நீட்டினார். இடது கையால்தான்.

இப்போது அந்தப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. ஆவணங்களில் கடைசிக் கையெழுத்து அவருடையது. முத்துச்செல்வியை நேற்று நான் அழைத்தபோது அவரே முந்திக்கொண்டார்.

"சார், சந்தனத்தை எடுத்துட்டு 'பிற பூச்சு'ன்னு போட்டுக் கொண்டு போனேன். தேவேந்திரன் சார் கையெழுத்துப் போட மாட்டேங்காரு. சந்தனம்னேதான் இருக்கணுமாம். அங்க சந்தனம் கிடைக்காதேன்னேன். கிடைக்கலன்னா நல்லதுதானங்காரு."

"அப்ப இருக்கட்டும்."

"சரி சார். அந்த ரெண்டாவது சந்தேகம்? வெளிய செய்யச் சொல்றவங்க நிரப்புற படிவம். அதுக்கு மாதிரின்னு நிரப்பின ஒண்ணு பின்னால வச்சிருக்கு. வரதராஜன் சார் வச்சதாம். அதுல உங்க பேருல்லா இருக்கு. வெளிநாட்டுக்கெல்லாம் போகுது, வேற பேரு எதையாச்சும் போட்டுரட்டுமா?"

"நேரம் என்ன போட்டிருக்கு?"

"எட்டு இருபது."

"காரணம்?"

"ராகு காலம்னு இருக்கு சார். உங்க கையெழுத்துதான்."

"சரியா இருக்கு. மாத்த வேண்டாம்."

"பேரு சரி சார். ராகு காலத்த எப்பிடி மொழிபெயர்க்க?"

அதற்கு வேலைமுறை எதுவும் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.